பிரேக் குழாயில் தங்கும் காற்று

திரவம் எளிதிற் சுருங்காது, காற்றோ சுருங்கும். பழுதுபார்த்த பிரேக் குழாயில் காற்றுக் குமிழ் தங்கிவிடின், மிதியின் அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே கழியும், வண்டி நில்லாது. ஊசிக்குழலில் நீரையும் காற்றையும் தனித்தனியே அடைத்து அழுத்தி, மாணவர்க்கு இதனை விளக்கலாம்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். தொட்டியில் புதுத் திரவம் நிரப்பி, பல கார்களில் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குவர். அதன் திருகில் ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையைத் திரவமுள்ள குப்பியில் அமிழ்த்துவர். ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் திருகைத் தளர்த்துவார். திருகை மூடிய பின்னரே மிதியை விடவேண்டும். முந்தினால் காற்று மீண்டும் புகும். குமிழ் அறும்வரை இவ்வாறு செய்கையில் தொட்டி வற்றலாகாது.

ஹைதராபாத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது திறந்துவைத்த டப்பாவின் திரவம் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 வரை தாழலாம். அத்திரவம் கொதித்தெழும் ஆவியும் காற்றைப் போன்றே சுருங்கும்.