விசிறி நின்றதற்குக் கணினியைப் புதைக்க வேண்டாம்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மாங்கேணியில் மத்தியான நேரம் தகரக் கூரைக்குக் கீழே இருக்க ஏலாது. அப்படியொரு மத்தியானத்தில்தான் என் மருமகன் கேம் விளையாடிக்கொண்டிருந்த கணினி சட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டோம். ஐந்து நிமிடத்தில் மீண்டும் அணைந்தது. "மாமா, பெட்டி செத்துட்டு" என்றான்.

அவனுக்கு அது விளையாட்டுப் பெட்டி. அக்காவுக்கு அப்படியல்ல. 2004 ஆழிப்பேரலைக்கும், 2006 இன் இறுதியில் வாகரைப் பக்கத்துச் சண்டையில் இடம்பெயர்ந்ததற்கும் பிறகு எங்களிடம் மிஞ்சிய சில படங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அதற்குள்தான் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தோம். அத்தானின் ஒரேயொரு படமும் அதில்தான் இருந்தது. மூலப்படம் ஈரத்தில் அழிந்து கனகாலம்.

நகரத்தில் ஒரு கடையில் காட்டினோம். "மதர்போட் போயிற்று, புதிதாக எடுங்கள்" என்றார்கள். சொன்ன தொகை அக்காவின் இரண்டு மாத வருமானம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டோம்.

ஏன் அணைகிறது?

கேம் கணினியின் கிராபிக்ஸ் அட்டை மட்டுமே 150, 200 வாட் மின்சாரம் இழுக்கக்கூடியது. பழைய 60 வாட் குண்டு பல்புகள் மூன்றை ஒரு பெட்டிக்குள் எரிப்பதற்குச் சமம். இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ப்ரொசசரின் சூட்டை அதன் மேலிருக்கும் உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ளும். அந்தத் தகடுகளின் சூட்டை விசிறி தள்ளிவிடும். விசிறி நின்றால் சூடு அங்கேயே தங்கிவிடும்.

பெரும்பாலான ப்ரொசசர்களுக்கு எல்லை 95 முதல் 100 பாகை செல்சியஸ். அதை நெருங்கும்போது ப்ரொசசர் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அப்போதுதான் கேம் திக்கித் திணறும். அப்படியும் சூடு தணியாவிட்டால் கணினி தானாகவே அணைந்துவிடும். அது கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

எங்கள் பக்கத்தில் இந்தத் தொல்லை அதிகம். அறையின் சூடு எத்தனை பாகை ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகை உள்ளேயும் ஏறும். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுப்பதால் தூசி தகடுகளுக்கிடையில் களியாக ஒட்டிக்கொள்ளும். விசிறியின் அச்சும் இறுகிவிடும்.

நாங்கள் செய்தது

வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்தோம். ப்ரொசசர் விசிறியை விரலால் சுற்றினால் அரைச் சுற்றோடு நின்றது. ஆனால் பழுது விசிறியிலா, மதர்போட்டிலா? பெட்டியின் பின்பக்கத்து விசிறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயரைக் கழற்றி, ப்ரொசசர் விசிறி செருகியிருந்த இடத்தில் செருகி, ஒரு நிமிடம் மட்டும் கணினியைப் போட்டுப் பார்த்தோம். அது ஓடியது. ஆகவே மதர்போட் மின்சாரம் கொடுக்கிறது. செத்தது விசிறி மட்டுமே.

புது விசிறி வாங்கும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று அகலம்: 92 மில்லிமீற்றரா, 120 மில்லிமீற்றரா? மற்றது செருகியில் மூன்று ஊசியா, நான்கு ஊசியா? பழையதைக் கையோடு கொண்டுபோனால் பிழை வராது. உலோகத் தகட்டையும் கழற்றினால், காய்ந்த பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்துவிட்டு, புதுத் தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைக்க வேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் எடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

முன்பு கேம் ஓடும்போது 98 பாகை காட்டிய கணினி, இப்போது 75ஐத் தாண்டுவதில்லை. எச்டபிள்யூ மொனிற்றர், கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்களில் இதை நீங்களே பார்க்கலாம்.

செய்யக் கூடாதவை

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளைக் கொல்லவும் கூடும். அதன் விசிறி நின்றால் முழுதாக மாற்றுவதே வழி. இறுகிய விசிறிக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து இன்னும் இறுகும். ஓடும் கணினியைத் துணியால் மூடவோ, சுவரோடு ஒட்டி வைக்கவோ வேண்டாம்.

இன்னொன்று: பழுது பார்க்க முன்னர் கோப்புகளைப் பிரதி எடுங்கள். நாங்கள் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை எதிரே வைத்து, கேம் எதுவும் போடாமல், அணையும் முன் கொஞ்சம் கொஞ்சமாகப் பென்டிரைவுக்கு மாற்றினோம். முதலில் மாற்றியது அத்தானின் படம். இப்போது அது கணினியில், பென்டிரைவில், வெளிநாட்டிலுள்ள தம்பியிடம் என மூன்று இடங்களில் இருக்கிறது. விசிறி மாற்றியதைவிட அக்காவுக்கு அதுதான் பெரிய ஆறுதல்.