பொங்கலூரிலிருந்து திமிங்கிலம் தேடி

பொங்கலூரில் சமுத்திரம் கிடையாது. கிணறு உண்டு, தறி உண்டு, கோழிப் பண்ணை உண்டு, பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ஊர் முழுவதும் உற்சாகமும் உண்டு. அலை அடிக்கும் கடல் மட்டும் இல்லை. அப்படிப்பட்ட ஊரிலே, கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று ஒரு வீட்டில் யோசனை நடந்துகொண்டிருந்தது. பத்து வயதுப் பேரன், "அப்பாரு, திமிங்கிலம் பார்க்கப் போகலாமா?" என்று கேட்டுவிட்டான். ஊட்டி, கொடைக்கானல், பழனி என்று விரல் மடக்கி எண்ணிக் கொண்டிருந்த பெரியவர் திகைத்துப் போனார்.

நேயர்கள் சிரிக்க வேண்டாம். உலகத்தில் நாம் அறிந்த பிராணிகளிலெல்லாம் மிகப் பெரியதான நீலத் திமிங்கிலம், நமக்குத் தெற்கேயுள்ள இலங்கைத் தீவைச் சுற்றிய கடலில்தான் வாசம் செய்கிறது. ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறி வந்து அதைத் தரிசித்துப் போகிறார்கள். பொங்கலூரிலிருந்து காரில் புறப்படுகிறவர்களுக்கு மட்டும் அது எட்டாத காட்சியாகிவிடுமா? திட்டம் சரியாக இருந்தால் எட்டும். மனமும் சரியாக இருந்தால் எட்டியதில் பயனும் இருக்கும்.

முதலில் தெற்கே

காலத்தை முதலில் நிச்சயிக்க வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையில் பங்குனி, சித்திரை மாதங்களில் திமிங்கிலங்களைக் காண நல்ல வாய்ப்பு உண்டு. நமது குழந்தைகளின் பரீட்சை முடிவதும் அப்போதுதான். பத்து நாள் அவகாசம் வைத்துக் கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும் இலங்கை அரசாங்கத்தின் அனுமதியையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள்.

அக்கரைக்குப் போகும் கப்பல் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. பொங்கலூர் வழியே செல்லும் திருச்சிச் சாலையைப் பிடித்தால் நேரே அங்கே போய்விடலாம். ஆனால் போகும்போது தெற்கே சுற்றிச் சென்று, திரும்பும்போது அந்தச் சாலையில் வருவதே உசிதம். காரணம், மணப்பாடு.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி வந்து சேருங்கள். திருப்பூர்ப் பனியன்கள் வெளி தேசங்களுக்குக் கப்பல் ஏறும் துறைமுகம் இது. 1906-ம் வருஷம் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இங்கிருந்துதான். துறைமுகமே இன்று அந்தத் தியாகியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே ஒரு கணம் நின்று குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்து, குலசேகரன்பட்டினத்தைக் கடந்தால் மணப்பாடு. மணல் மேட்டின் மேல் மாதா கோவில். அதன் கீழே வளைந்து கிடக்கும் கரை. வெகு அழகான இடம்.

அந்த அழகான கரையில்தான் 1973 ஜனவரி 14-ந் தேதி 147 திமிங்கிலங்கள் ஒரே சமயத்தில் வந்து ஒதுங்கின. பிறகு 2016 ஜனவரியில், ஏறக்குறைய அதே நாட்களில், மணப்பாட்டுக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட கரையில் எண்பதுக்கும் மேற்பட்டவை மறுபடி ஒதுங்கின. இவை நீலத் திமிங்கிலங்கள் அல்ல. கூட்டமாக வாழும் கறுத்த சிறு இனம். மீனவர்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் தண்ணீரில் இறங்கி அவற்றை ஆழத்துக்குத் தள்ளினார்கள். படகில் கட்டி இழுத்துச் சென்று விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. கூட்டத்தை விட்டுப் பிரியாத குணமே அவற்றுக்கு யமனாயிற்று. ஒன்று வழி தவறினால் மற்றவையும் அதைப் பின்தொடரும். உறவு கரையில் கிடக்கும்போது தாம் மட்டும் தப்பிப் போக அவற்றுக்கு மனம் வருவதில்லை.

திமிங்கிலத்தை வேடிக்கைப் பொருளாக நினைத்துக் கிளம்பும் பிள்ளைகள் இந்தக் கரையைப் பார்த்த பிறகு சற்றே மௌனமாவார்கள். அந்த மௌனத்தோடு மேலே போவது நல்லது.

கரையோரமாக

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலை. இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு நடை போய் வரலாம். 1914 முதல் அரை நூற்றாண்டு காலம் ரயிலும் கப்பலும் கைகோத்து மக்களை இலங்கைக்குக் கொண்டு சேர்த்த ஊர் அது. 1964 டிசம்பர்ப் புயல் அவ்வளவையும் வாரிக்கொண்டு போயிற்று. அங்கிருந்து தொண்டி, மல்லிப்பட்டினம் வழியாக வடக்கே செல்லும்போது உங்கள் வலப்புறத்தில் இருப்பது பாக் விரிகுடா. கடற்புல் மேய்ந்து உயிர் வாழும் கடற்பசுவுக்கென்று 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் இங்கே ஒரு காப்பகம் ஏற்படுத்தியது. ஆவுளியா என்று கரையோர மக்கள் சொல்வது இதைத்தான்.

நாகப்பட்டினத்தில் காரை விட்டுவிட வேண்டும். இங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பிரயாணிக் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் புயல் மழையில் இந்தக் கப்பலை நம்ப முடியாது. ஆகையால் கப்பல் ஓடும் நாட்களை விசாரித்து உறுதி செய்த பிறகே மற்றத் தேதிகளைக் குறியுங்கள். கடற்பிரயாணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். யாழ்ப்பாணத்தில் வாடகை மோட்டார் அமர்த்திக்கொண்டு வவுனியா வழியாகத் திருகோணமலை சேரலாம். வழி நெடுகத் தமிழ் கேட்கும். வேற்று நாடு என்ற எண்ணமே தோன்றாது.

கோணமலையில்

திருஞானசம்பந்தர் பாடிய தலம் திருக்கோணேச்சரம். கோவில் நிற்கும் பாறை கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. கரைக்கு வெகு சமீபத்திலேயே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு இருப்பதால், ஆழத்தை விரும்பும் திமிங்கிலம் இங்கே கரையை நெருங்கி வருகிறது. கோவில் மதிலருகே நின்றே அதன் மூச்சு நீர்த்தூணாய் எழுவதைக் கண்டவர்கள் உண்டு. நிலாவெளி, உப்புவெளிக் கரைகளிலிருந்து விடியற்காலையில் படகுகள் கிளம்பும். குடை, தொப்பி, குடிநீர், தலைசுற்றலுக்கு மருந்து இவை அவசியம். எல்லாவற்றிலும் அவசியமானது பொறுமை. பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காகத் திமிங்கிலம் மேலே வராது. ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் போகும்படி திட்டத்தில் ஒரு நாளை மிச்சம் வைத்திருங்கள்.

மற்ற சமுத்திரங்களிலுள்ள நீலத் திமிங்கிலங்கள் இரைக்காகக் குளிர்க் கடலுக்குப் போய், குட்டி போட வெப்பக் கடலுக்குத் திரும்புகின்றன. நமது கடலில் உள்ளவையோ வருஷம் முழுவதும் வெப்பக் கடலை விட்டு அகலுவதில்லை. இந்த விசேஷத்தை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைப் பெண்மணி. நம்மவர் கண்ணால் நமது கடலைப் பார்த்ததால் கிடைத்த அறிவு இது.

யார் வீட்டில் யார் விருந்தாளி?

இவ்வளவு அருகில் இருக்கும் இந்த ஜீவன் நிம்மதியாக இருக்கிறதா? 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலில் திமிங்கிலங்களை ரகசியமாகக் கொன்று குவித்தன. 1979-ல் இந்து மகா சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாயிற்று, வேட்டை ஓய்ந்தது. இன்று ஆபத்து வேறு ரூபத்தில் வருகிறது. இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனையை ஒட்டி உலகத்தின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதை ஒன்று செல்கிறது. அதே இடம் நீலத் திமிங்கிலத்தின் மேய்ச்சல் நிலம். ராட்சசக் கப்பல் மோதினால் அந்த மாபெரும் உடலும் தாங்காது. 2022-ல் எம்.எஸ்.ஸி. என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களைப் பதினைந்து கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. பாதையை நகர்த்துவது நடக்கக் கூடிய காரியந்தான் என்பதற்கு இதுவே சாட்சி.

இதில் பொங்கலூருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சீனத்திலிருந்தும் தைவானிலிருந்தும் பின்னல் யந்திரங்களும் செயற்கை நூல் துணிகளும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வரும் கப்பல் அந்த முனையைச் சுற்றித்தான் வருகிறது. நம் பட்டறையின் ஓசைக்கும் அந்தக் கடலுக்கும் தொடர்பு இருக்கிறது. கப்பலைத் திருப்பும் அதிகாரம் நமக்கு இல்லை. நாம் ஏறும் படகைத் திருப்பும் அதிகாரம் உண்டு. திமிங்கிலத்தை நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. ஆயினும், "இன்னும் கிட்டப் போங்கள்" என்று பிரயாணிகளே படகோட்டியை அவசரப்படுத்துவது உண்டு. அப்படிச் சொல்லாமல், "இங்கேயே நிறுத்துங்கள், போதும்" என்று சொல்லும் குடும்பமாக நாம் இருக்க வேண்டும்.

திரும்பும் வழி சுலபம். நாகப்பட்டினத்தில் காரை எடுத்தால் தஞ்சாவூர், திருச்சி, கரூர், வெள்ளகோவில், காங்கயம். சுமார் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினால் நம் ஊர்.

அந்தப் பெரியவர் பேரனுக்கு என்ன பதில் சொன்னார் என்று நேயர்கள் அறிய விரும்பலாம். "போகலாம் கண்ணு. ஆனால் அது நம்மூட்டுக்கு வருவதில்லை. நாம்தான் அதனுடைய ஊட்டுக்குப் போகிறோம். விருந்தாளியாட்டம் நடந்துக்கோணும்" என்றார். பத்து நாள் திட்டத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய முதல் வரி அதுவே.