உள்ளங்கை அகல ரப்பர்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடைவதற்குச் சற்று முன்பாக வரும் இருங்காட்டுக்கோட்டையில், ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள மோட்டார்ப் பந்தயத் தடம் ஒன்று 1990 முதல் இருந்து வருகிறது. அதற்கு முன்னர் பல்லாண்டுகள் சோழவரத்துப் பழைய விமானத் தளத்திலே பந்தயங்கள் நடந்ததைக் கண்டு களித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட தடம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தினும் சிறியது. பந்தய வீரர்களுக்கே உரியவை என்று நாம் எண்ணும் இத்தகைய தடங்களில், சாதாரண மனிதர் ஒருவர் தம் சொந்தக் காரைக் கொண்டுவந்து, எதிரே வரும் லாரியும் குறுக்கே ஓடும் ஆடும் இல்லாத பாதையில், யாரோடும் போட்டியிடும் நிர்ப்பந்தமின்றி, அதன் சக்தி முழுவதையும் பரீட்சித்துப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் தினத்தைத்தான் டிராக் டே என்கிறார்கள்.

அந்தத் தினத்துக்கு ஆயத்தமாகும் இளைஞர்களில் பலர் முதலில் நாடிச் செல்வது பெரிய, பளபளப்பான அலாய் வீல்களை விற்கும் கடையை. இது தவறான ஆரம்பம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள ஒரு கார், எத்தனை வேகத்தில் சென்றாலும், எத்தனை கடுமையாக பிரேக் போட்டாலும், பூமியோடு அதற்குள்ள சம்பந்தம் ஒவ்வொரு டயரின் அடியிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலமே உள்ள ரப்பர்தான். எஞ்சினின் பலமும் பிரேக்கின் பலமும் ஸ்டீரிங்கின் கட்டளையும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவன்றி வேறெவ்வழியாகவும் சாலையைச் சென்றடைவதில்லை. ஆகையால் கையிலுள்ள பணம் முதலில் டயருக்கும், மிஞ்சியது வீலுக்கும் செல்வதே நியாயம்.

டயரின் பக்கச் சுவரில் 195/55 R16 87V என்று பொறித்திருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு, R என்பது ரேடியல் அமைப்பு, ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்று பொருள். 87 என்ற எண் அந்த டயர் 545 கிலோ பாரம் தாங்கும் என்பதையும், V என்ற எழுத்து மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஓடத் தக்கது என்பதையும் குறிக்கும். அருகிலே நான்கு இலக்கம் இருக்கும். 1224 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தில் உற்பத்தியானது. தரையைத் தொடும் பரப்பிலுள்ள பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பழையதாகி இறுகிப்போன ரப்பரைத் தடத்துக்குக் கொண்டு செல்லலாகாது.

எந்த வகை டயர் என்பதே அடுத்த கேள்வி. மிருதுவான ரப்பரால் ஆன, பள்ளங்கள் மிகக் குறைந்த, பந்தய டயருக்கு நெருங்கிய உறவுடைய ரகங்கள் உண்டு. அவற்றின் பிடிப்பு அபாரமானது. ஆனால் அவை விரைவில் தேயும், மழை நீரில் வழுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, பல சமயங்களில் எல்லையைத் தாண்டும் வரை மௌனமாக இருந்து, தாண்டியவுடன் திடீரென்று கைவிட்டுவிடும். நல்ல சாலை டயரோ சற்று முன்னதாகவே கிறீச்சிட்டு, சிறிது சிறிதாக நழுவி, தன் எல்லையை ஓட்டுபவருக்கு அறிவித்துவிடுகிறது. முதல் வருஷத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது வேகமன்று, அந்த எல்லையை உணரும் ஞானமே; அதற்கு இத்தகைய டயரைவிடச் சிறந்த ஆசான் இல்லை. புத்தம் புதிய டயரைத் தடத்துக்கென்றே வாங்கவும் வேண்டாம். ஆழமான பட்டன்கள் வளைவுகளில் நெளிந்து உஷ்ணமேறிப் பிய்ந்துபோகக்கூடும். ஓரளவு தேய்ந்து ஆரோக்கியமாக உள்ள டயரே உலர்ந்த தடத்தில் உறுதியாக நிற்கும். ஆனால் 1.6 மில்லிமீட்டரைக் காட்டும் தேய்மான அடையாளத்தை நெருங்கியதை வீட்டிலேயே கழற்றிவிட வேண்டும்.

வீலைப் பொறுத்தவரை, பிரேக் காலிப்பரில் உரசாமல் சுழலக் கூடியவற்றுள் மிகச் சிறியதையும் இலேசானதையுமே நான் சிபாரிசு செய்வேன். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாரம் குறையக் குறைய, மேடு பள்ளங்களில் டயர் தரையை விட்டு எழும்பாமல் ஒட்டி ஓடும். மேற்சொன்ன 16 அங்குல டயரின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர், 15 அங்குல வீலுக்குரிய 195/60 R15 டயரின் விட்டம் 615. வித்தியாசம் ஒரு விரற்கடைக்கும் குறைவுதான், டயரின் விலையோ பெரும்பாலும் குறைவு. போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளை, ஆஃப்செட் ஆகியவை காரோடு பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லாமலே கடைக்காரர் கவனிப்பார். கவனிக்காத கடையில் வாங்காதீர்கள்.

இனிக் காற்று. பணம் செலவில்லாத இந்த விஷயத்தில்தான் அலட்சியம் மிகுதி. காலையில் 35 டிகிரி உஷ்ணத்தில் 32 பி.எஸ்.ஐ. என்று அளந்து நிரப்பிய டயர், சில சுற்றுகள் ஓடி உள்ளே உள்ள காற்று 80 டிகிரியை எட்டினால், ஏறத்தாழ 39 காட்டும். அளவுக்கு மீறிய அழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட, பிடிப்பு குன்றுகிறது. ஆதலால் தடத்திலிருந்து வெளிவந்ததும் அளந்து, மிகையை வெளியேற்ற வேண்டும். மிகவும் குறைத்துவிட்டாலோ டயர் பக்கவாட்டில் மடிந்து, சுவரின் மீதே ஓடும். டயரின் தோள்பட்டையில், அதாவது சுவரும் தரையைத் தொடும் பரப்பும் சேரும் விளிம்பில், சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டு ஓட்டி வந்தால், கோடு எதுவரை அழிந்தது என்பதிலிருந்து அழுத்தம் மிகையா, குறைவா என்பது தெரிந்துவிடும். வலஞ்சுழியாக ஓடும் தடத்தில் இடப்பக்க டயர்களே அதிகம் வருந்தும் என்பதால் அவற்றைத் தனியே பாருங்கள். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சினால், கார்த் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முடுக்கி, இடைவேளைகளில் மீண்டும் சோதிப்பது உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

மாலையில் புறப்படும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். சூட்டில் காற்றை இறக்கிய டயர்கள் ஆறியபின், நெடுஞ்சாலைக்குத் தேவையான அழுத்தத்தைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். தடத்தின் வாசலைத் தாண்டுமுன் நான்கையும் அளந்து, காற்று நிரப்பிக்கொண்டு வீடு திரும்புங்கள்.