ஒரே பில்லில் இரண்டு நர்ஸ்

தெருமுனை டீக்கடை பெஞ்சில் மஞ்சப்பையைக் கவிழ்த்து, தாள்களைப் பரப்பினான் தம்பி. காற்றில் பறக்காமலிருக்க டீ கிளாஸையே பாரமாக வைத்தான். கூடப்பிறந்தவன் இல்லை, அடுத்த வீட்டுப் பையன். முப்பது வருஷம் கிளெய்ம் கோப்புகளோடு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். அதனால் எங்கள் தெருவில் யாருக்குப் பாலிசிச் சிக்கல் வந்தாலும் எனக்கு ஒரு டீ உறுதி.

அவனுடைய அம்மாவுக்கு 72 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவு கேஷ்லெஸ்ஸில் போயிற்று. அதன்பின் ஒரு ஹோம் நர்சிங் பியூரோவில் சொல்லி வீட்டுக்கு ஆள் வைத்தான். அந்த பில்தான் திரும்பி வந்துவிட்டது.

"நர்சிங் சார்ஜ் உண்டுன்னு பாலிசியிலயே போட்டிருக்கு. பிறகு ஏண்ணே தர மாட்டேங்கிறான்?"

"அது ஆஸ்பத்திரி ரூம் வாடகையோட சேர்த்துப் போடுற நர்சிங் சார்ஜ், தம்பி. நர்சிங் ஹோம் வேற, ஹோம் நர்சிங் வேற."

பில்லைப் பார்த்தேன். 'ஹோம் நர்சிங், 30 நாள்' என்று ஒரே வரி, ஒரே தொகை.

"வீட்டுக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

"ரெண்டு பேர். காலையில ஒரு பொண்ணு வந்து ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டு, தையல் போட்ட இடத்தைப் பார்த்துட்டு ஒரு மணி நேரத்துல போயிடும். இன்னொரு அக்கா பகல் பூரா இருக்கும். குளிப்பாட்டும், பெட்பேன் வைக்கும், வாக்கரைப் பிடிச்சு நடக்கவிடும்."

சிக்கலே அங்கேதான். நமக்கு இரண்டு பேருமே ஹோம் நர்ஸ். பாலிசியின் பார்வையில் நர்ஸ் என்றால், இந்திய நர்சிங் கவுன்சிலிலோ ஏதாவது ஒரு மாநில கவுன்சிலிலோ பதிவு செய்தவர் மட்டும். அதைவிட முக்கியம், அவர் செய்யும் வேலை. மருந்து ஏற்றுவது, ஊசி, கட்டு மாற்றுவது, கதீட்டர், மூக்குக் குழாய் எல்லாம் சிகிச்சை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடமாடக் கைகொடுப்பது எல்லாம் பராமரிப்பு.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலின் வாசகத்தை வகுத்துக் கொடுத்தது. அதில் ஐந்தாவது விலக்கு ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்பு பற்றியது. குளிக்கவும் உடுத்தவும் நடமாடவும் உதவுகிற பராமரிப்புக்குப் பணம் இல்லை, அது வீட்டில் நடந்தாலும் சரி, வேறு இடத்தில் நடந்தாலும் சரி என்கிறது. தேர்ச்சி பெற்ற நர்ஸே செய்தாலும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே பி.எஸ்சி. நர்சிங் படித்தவரை வைத்துத் தலை சீவிவிட்டாலும் அது பராமரிப்புதான்.

"அப்போ வீட்டுல நடக்கிற எதுக்குமே கிடையாதா?"

உண்டு. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு. தம்பிக்குப் பொருந்துவது இதுதான். 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாளும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாளும் கணக்கில் வரும். பிந்தைய நாள்களை இன்னும் கூட்டிக் கொடுக்கும் பாலிசிகளும் உண்டு. எந்த நோய்க்காக அட்மிட் ஆனாரோ அதே நோய்க்கான செலவாக இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி கிளெய்மும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். மருந்து, பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் ஆகியவை இதில் சிக்கலில்லாமல் போகும். வீட்டுக்கு வரும் நர்ஸின் கட்டணம் பாலிசிக்குப் பாலிசி மாறும். சிலதில் உண்டு, சிலதில் உச்சவரம்போடு உண்டு, சிலதில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதற்கு 'டொமிசிலியரி' என்று நாக்கு சுளுக்கும் பெயர். ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டிய நோயாளி, ஆனால் நகர்த்த முடியாத நிலை அல்லது ஆஸ்பத்திரியில் இடமில்லை. அப்போது வீட்டில் நடக்கும் சிகிச்சை இது. பல பாலிசிகளில் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால்தான் கணக்கு. ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றை இதிலிருந்து நீக்கியும் வைத்திருப்பார்கள். வசதிக்காக வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம் என்றால் எடுபடாது.

மூன்றாவது, ஹோம் கேர் ட்ரீட்மென்ட். இதைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது கொரோனா. 2020 ஜூலையில் வந்த கொரோனா கவச் பாலிசியில் 14 நாள் வரை வீட்டுச் சிகிச்சைக்குப் பணம் கிடைத்தது. வீட்டில் சிகிச்சை எடுக்கலாம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும், தினமும் நோயாளியின் நிலையைக் கண்காணிக்க வேண்டும், கொடுத்த சிகிச்சையை அன்றன்றைக்குக் குறித்து அதில் டாக்டர் கையெழுத்திட வேண்டும் என்பவை நிபந்தனைகளாக இருந்தன. கொரோனா போனாலும் அந்த ஏற்பாடு வேறு பல பாலிசிகளில் தங்கிவிட்டது. ஆனால் எந்தெந்த நோய்க்கு, யார் மூலமாக என்று அவரவர் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். முதலிலேயே போன் போட்டு அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்று வழியிலும் கோப்பைப் பார்ப்பவர் தேடுவது ஒன்றைத்தான்: டாக்டரின் எழுத்து. தம்பியின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தேன். கடைசி வரியில் 'வீட்டில் நர்சிங் கவனிப்பு தேவை' என்று மட்டும் இருந்தது. என்ன ஊசி, எத்தனை நாள், யார் போட வேண்டும் என்று எதுவும் இல்லை.

"டாக்டர்கிட்ட போய், அவர் சொன்ன ஊசியையும் நாள் கணக்கையும் விவரமா எழுதி வாங்கு. நடந்ததை மட்டும் எழுதினாப் போதும். பியூரோக்காரர்கிட்ட ரெண்டு பேருக்கும் தனித்தனி பில் கேளு. நர்ஸ் பில்லுல அந்தப் பொண்ணோட பதிவு எண்ணும், வந்த தேதிகளும் இருக்கணும். அதை மறுபரிசீலனைக்கு அனுப்பு. மறுத்தா, எந்த விதிப்படி மறுக்கிறாங்கன்னு எழுத்துல கேளு. நிறுவனத்தோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாசம் பார்த்துட்டு, சென்னையில இருக்கிற காப்பீட்டு ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும்."

இன்னொன்றும் சொன்னேன். முற்றிய நோயில் வலி தணிக்கும் கவனிப்பையும் பெரும்பாலும் அதே ஐந்தாவது விலக்கைக் காட்டித்தான் கழிப்பார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. வலி தணிப்பு, பிசியோதெரபி இரண்டும் அதில் வீடு தேடி வரும். காப்பீடு இருப்பவர்களுக்கு அதைக் கேட்கவே தோன்றுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும்.

"அப்ப அந்த அக்காவுக்குக் குடுத்தது?"

"அது உன் கைக்காசுதான். அம்மா பேர்ல பாலிசி எடுத்தப்பவே அதுக்குன்னு ஒரு தனிச் சேமிப்பும் தொடங்கியிருக்கணும். இப்பவும் தொடங்கலாம்."

தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்துப் பையில் வைத்தான். எழுந்தவன் சிரித்தான்.

"எங்கம்மா அந்த ஊசி போடுற பொண்ணை 'அந்தப் பொண்ணு'ன்னுதான் சொல்லும்ணே. தலை சீவிவிடுற அக்காவைத்தான் 'நர்ஸம்மா'ன்னு கூப்பிடும்."