ஆயுளை நீட்டுவது குணமா, குடியிருக்கும் தெருவா?

எண்பதைத் தாண்டியும் தெம்பாக நடமாடும் ஒருவரைப் பார்த்தால், "எதற்கும் கவலைப்படாத மனுஷன், அதான் இப்படி இருக்கிறார்" என்று சொல்வது வழக்கம். நோயில் விழுந்த முதியவரைப் பற்றியோ, "எல்லாவற்றையும் மனசில் போட்டுக் குமைந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டார்" என்கிறோம். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: ஆயுள் அவரவர் சுபாவத்தின் கையில். கடந்த நூறாண்டு ஆய்வுகள் இதில் பாதியை ஏற்கின்றன, மீதியை மறுக்கின்றன. குணத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் அன்றாடப் பழக்கங்கள் வழியாகவே உடம்பை எட்டுகிறது. அந்தப் பழக்கங்கள் நிலைப்பதும் அற்றுப்போவதும் வீட்டையும் தெருவையும் சுற்றியிருக்கும் மனிதர்களையும் பொறுத்தது. இதை விட்டுவிட்டு முதியவரிடம் மட்டும் "மனசை மாத்திக்கோங்க" என்று சொல்வது நியாயமும் இல்லை, பலன் தருவதும் இல்லை.

சிரித்த முகம் போதுமா?

1921-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவில் சுமார் 1,500 புத்திசாலிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர வளரத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார். பெற்றோரும் ஆசிரியரும் அந்தக் குழந்தைகளின் குணங்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். டெர்மன் இறந்த பிறகும் ஆய்வு நிற்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஹோவர்டு ஃப்ரீட்மன் என்ற உளவியலாளர், அவர்களில் யார் எப்போது இறந்தார்கள் என்ற விவரத்தோடு அந்தப் பழைய மதிப்பெண்களை ஒப்பிட்டார். 1993-இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. எப்போதும் சிரித்துக்கொண்டு, வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள் கூடுதலாக வாழவில்லை. சற்று முன்னதாகவே இறந்திருந்தார்கள். நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் பொறுப்பும் நிதானமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஒழுங்கும் கொண்டவர்கள். பின்னர் ஆறு நாடுகளில் 8,900-க்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் திரட்டிப் பார்த்தபோதும் பொறுப்புணர்வுக்கும் நீண்ட ஆயுளுக்கும் தொடர்பு இருப்பது உறுதியானது. காரணம் ஓரளவு எளிமையானது. பொறுப்பானவர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார், புகையிலையைத் தொடுவது குறைவு, வண்டியை வேகமாக ஓட்டுவதில்லை. "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று நம்புகிற உற்சாகிகளில் பலர் பெரியவர்களான பின் கூடுதலாகக் குடித்தார்கள், புகைத்தார்கள், ஆபத்தைப் பொருட்படுத்தவில்லை. என்றாலும் பழக்கங்களை மட்டும் வைத்து இந்த வேறுபாடு முழுவதையும் விளக்கிவிட முடியவில்லை என்பதையும் ஃப்ரீட்மன் பதிவு செய்தார்.

மகிழ்ச்சியாக இருப்பவர்கள் நலமாகவும் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோமே என்று கேட்கலாம். பார்ப்பது உண்மைதான், எது காரணம், எது விளைவு என்பதில்தான் தவறுகிறோம். பிரிட்டனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் பத்து ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. மேலோட்டமாகப் பார்த்தால் மகிழ்ச்சியற்றவர்கள் அதிகம் இறந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் அவர்களுக்கிருந்த நோய்களையும் புகைப்பழக்கம் போன்றவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நோய்தான் மகிழ்ச்சியைக் குறைத்தது. மகிழ்ச்சிக் குறைவு அவர்களைக் கொல்லவில்லை. மூட்டுவலியாலும் மூச்சுத்திணறலாலும் முகம் வாடியிருக்கும் ஒரு பாட்டியிடம், "நீங்க கவலைப்படுறதாலதான் உடம்பு இப்படி ஆச்சு" என்று சொல்லுமுன் இந்த முடிவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே நகரம், ஒரே வெயில்

சூழலின் பங்கு எவ்வளவு என்பதை 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலை காட்டியது. வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமான இறப்புகளைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியே வசித்தவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் அந்த இறப்புகளைப் பகுதி வாரியாக ஆராய்ந்தார். இங்கிள்வுட், ஆபர்ன் கிரெஷம் ஆகியவை நகரின் தென்பகுதியில் அடுத்தடுத்து இருப்பவை. இரண்டிலும் வசித்தவர்கள் அநேகமாக எல்லோரும் கறுப்பின மக்கள். வறுமையும் முதியவர்களும் இரண்டிலும் உண்டு. ஆனால் இங்கிள்வுட்டில் ஒரு லட்சம் பேருக்கு 33 பேர் இறந்தார்கள். ஆபர்ன் கிரெஷமில் 3 பேர்.

ஆபர்ன் கிரெஷமின் முதியவர்கள் பத்து மடங்கு நல்ல குணமுள்ளவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வேறுபாடு தெருவில் இருந்தது. இங்கிள்வுட்டிலிருந்து பல ஆண்டுகளாகவே மக்களும் கடைகளும் வெளியேறிக்கொண்டிருந்தன. பூட்டிய வீடுகளும் காலி மனைகளும் பெருகின. முதியவர்கள் வெளியே தலைகாட்ட அஞ்சினார்கள். ஆபர்ன் கிரெஷமில் நடைபாதை இருந்தது, கடைகள் இருந்தன, தேவாலயமும் குடியிருப்போர் குழுக்களும் இருந்தன. அடுத்த வீட்டுப் பெரியவரை இரண்டு நாளாகக் காணவில்லை என்றால் கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இருந்தார்கள். கடுமையான வெப்பத்தில் ஒருவர் பிழைப்பதற்கு அந்த ஒரு தட்டல் போதும். வெப்ப அலை ஒரு விதிவிலக்கு, அதை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. வெப்ப அலைக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1990-இல், இந்த இரு பகுதிகளின் சராசரி ஆயுளில் சுமார் ஐந்து ஆண்டு இடைவெளி இருந்தது.

நோயுற்றவரால் பழக முடிவதில்லை, அதனால்தான் தனிமையும் சாவும் சேர்ந்தே தென்படுகின்றன என்ற மறுப்பு இன்னும் வலுவானது. இதற்கு 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 148 ஆய்வுகளையும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களையும் சேர்த்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. உறவும் பழக்கமும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல். தொடக்கத்தில் உடல்நிலை எப்படி இருந்தாலும் இந்தத் தொடர்பு நீடித்தது. மகிழ்ச்சி என்ற உணர்வு கணக்கிலிருந்து மறைந்த இடத்தில், மனிதத் தொடர்பு மறையாமல் நின்றது.

பரம்பரை என்னும் வாதம்

"எங்கள் வம்சமே தொண்ணூறு வயசு" என்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. டென்மார்க்கில் 1870-க்கும் 1900-க்கும் இடையில் பிறந்த 2,872 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்ததில், ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்குக்கு மரபணு காரணம் என்று தெரிந்தது. அந்தப் பங்கு இருமடங்காகவே இருந்தாலும் மீதிப் பாதியில் பழக்கத்துக்கும் சூழலுக்கும் இடம் இருக்கிறது. அதை விட்டுவிட எந்த நியாயமும் இல்லை.

முதுமையைப் பற்றிப் பேசும் பேச்சு

குணமும் சூழலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை பெக்கா லெவியின் 2002 ஆய்வில் பார்க்கலாம். ஓஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில், ஐம்பது வயதைக் கடந்த 660 பேரிடம் தங்கள் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று 1975-இல் கேட்டிருந்தார்கள். முதுமையை மதிப்போடு பார்த்தவர்கள், அதை வெறும் தேய்மானமாகப் பார்த்தவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். வயது, வருமானம், தனிமை, உடல் இயக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு மாறவில்லை. இதை மனோபலம் என்று மட்டும் புரிந்துகொண்டால் போதாது. முதுமையைப் பற்றிய எண்ணம் யாருக்கும் தனியாக முளைப்பதில்லை. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா உட்காருங்க" என்பதைத் தினமும் கேட்கிற ஒருவர், நாளடைவில் அதை நம்பத் தொடங்குகிறார்.

உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதும் அன்புதானே என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அன்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் 1976-இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனை வேறொன்றைக் காட்டியது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, பொழுதை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியை அவர்களே வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தில் செடி கொடுத்து, தண்ணீரைப் பணியாளர்களே ஊற்றினார்கள். மூன்றே வாரத்தில் முதல் தளத்தார் கூடுதல் சுறுசுறுப்போடும் உற்சாகத்தோடும் இருந்தார்கள். சோதனை சிறியது; அதன் பிறகு வந்த இறப்புக் கணக்கில் திருத்தம் செய்ய வேண்டியிருந்ததால் அதை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் தெரிந்த மாற்றமே நம் வீடுகளுக்குப் போதுமானது. சமையலுக்கு என்ன காய் வாங்குவது, பென்ஷன் பணத்தில் யாருக்கு என்ன கொடுப்பது, எப்போது கோயிலுக்குப் போவது என்பதையெல்லாம் பெரியவர்களிடமே விட்டுவிடுவதில் நமக்குச் செலவு எதுவும் இல்லை.

"குணம் மாறிப்போச்சு" என்றால்

தமிழ்நாட்டில் 2021 கணிப்புப்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2031-இல் இது 18 சதவீதத்தைத் தாண்டும். எனவே இது சில வீடுகளின் கவலை மட்டும் அல்ல. நடைபாதையைக் கடையும் வண்டியும் அடைத்துக்கொண்டால் முதியவரின் காலை நடை நின்றுபோகும். நடை நின்றால் தெருவில் பேச்சு நிற்கும், பிறகு தூக்கமும் பசியும் கெடும். குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் எரியும் ஒரு சிறு விளக்கு, வாசலில் உட்கார ஓர் இடம், பேருந்தில் எளிதாக ஏறும் படி ஆகியவையும் மருத்துவத்தில் சேர்ந்தவையே. இவற்றை வார்டு உறுப்பினரிடமும் அடுக்ககச் சங்கத்திடமும் கேட்டு வாங்க வேண்டியது இளையவர்களின் வேலை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எப்போதும் கலகலப்பாக இருந்தவர் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ, பொறுமைசாலி எரிந்து விழத் தொடங்கினாலோ, "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். காது கேளாமை, மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, சிறுநீர்த் தொற்று, மாத்திரைகளின் பக்கவிளைவு, மறதிநோயின் தொடக்கம் ஆகிய எல்லாமே முதலில் குணமாற்றமாகத் தோன்றக்கூடும். இவற்றில் பலவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். பழைய மருந்துச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.