பங்களாவுக்குப் புதுவாழ்வு, லயனுக்கு?

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி, 2025 நவம்பரில் டித்வா புயல். அடுத்தடுத்து விழுந்த இந்த அடிகளிலிருந்து மீளச் சுற்றுலாவே வழி என்று மலையகத்தில் பேசப்படுகிறது. அதனால் பழைய கட்டடங்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

இது புதிதல்ல. கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களிலேயே ஹோட்டலாகிவிட்டது. ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்கள் 2005 முதல் சொகுசு விடுதிகள். 1894இல் கட்டப்பட்ட நுவரெலியா தபாலகத்தையும் ஹோட்டலுக்குக் கொடுக்க முயன்றபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள்.

லயன்களும் அதே காலத்துக் கட்டடங்கள்தான். ஆனால், தலைமுறைகளாக அங்கு வாழ்பவர்களில் பெரும்பாலானோருக்குக் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாதவரால் பயணிகளுக்கு ஓர் அறையை வாடகைக்கு விட முடியாது. காணியை ஈடுவைத்து வங்கிக் கடன் எடுக்க முடியாது. மண்சரிவில் வீடு போனால், எங்கே மீளக் கட்டுவது என்பதையும் தோட்ட நிர்வாகமும் அரசுமே தீர்மானிக்கும். சுற்றுலா வருமானம் லயன் வாசலைத் தாண்டாததற்கு இதையே முதற் காரணமாக நான் காண்கிறேன். 1977 வன்செயலுக்குப் பின் வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு லயன், தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. லயனும் மரபுரிமைதான் என்பதற்கு அது சாட்சி. ஆனால் நினைவைக் காப்பது மட்டும் போதாது. புனரமைப்புத் திட்டம் எதுவானாலும், அதன் முதல் பக்கத்தில் காணி உறுதி இருக்கவேண்டும்.