நூற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு

இறுதியாண்டு வேதியியல் ஆய்வு என்றாலே புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். எனக்கு அது ஒரு தராசில் தொடங்கியது.

கருவிகளுக்குக் கை பழக, முதல் வாரம் மேற்பார்வையாளர் எல்லாரும் அறிந்த வினையையே தந்தார். சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து ஆஸ்பிரின் தயாரிக்க வேண்டும். 2.00 கிராம் அமிலத்திலிருந்து அதிகபட்சம் 2.61 கிராம்தான் கிடைக்கும். என் தராசு 2.92 காட்டியது. 112 விழுக்காடு! மகிழ்ச்சியோடு ஓடினேன்.

“இல்லாத பொருளை நீயே படைத்துவிட்டாயா, தம்பி?” என்று சிரித்தார். கூடுதல் எடை, படிகங்களில் தங்கிய ஈரம்.

2.92ஐ 2.29 என்று மாற்றி எழுதினால் 88 விழுக்காடு, யாருக்கும் தெரியாது. மனம் ஒரு கணம் தடுமாறியது உண்மை. ஆனால் அந்தப் பொய் எண்ணை நம்பித்தான் அடுத்தவர் தம் அளவுகளைக் கணக்கிடுவார். ஆகவே குறிப்பேட்டில் பிழையை அழிப்பதில்லை. ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதுகிறோம்.

மறுபடிகமாக்கி, நன்கு உலர்த்தி நிறுத்தேன். 1.98 கிராம், 76 விழுக்காடு. பெரிக் குளோரைடு விட்டபோது ஊதா நிறம் தோன்றவில்லை. அதாவது, வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் எஞ்சவில்லை.

“விடை மட்டும் போதாது, வழிமுறையைக் காட்டு” என்பார் என் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அதன் பொருள் எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் விளங்கியது. ஆய்வுக்கூடம் செல்லவிருக்கும் தம்பி தங்கைகளே, குறைந்த எண்ணுக்கு வெட்கப்படாதீர்கள். காரணத்தோடு எழுதி வையுங்கள்.